பிள்ளைக் காம்பராவிலிருந்து சிறுவர் நிலையத்துக்கு: ஊவாத் தோட்டங்களில் முதல் ஐந்து வருடங்கள்

பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு தாய் காலையில் மலைக்குப் போக வேண்டுமானால், அவருடைய கைக்குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டங்களில் சிறுவர் பராமரிப்பு இந்தத் தேவையிலிருந்துதான் பிறந்தது. பசறை, ஹாலிஎல, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் வயதான பெண்களோடு பேசும்போது, அவர்கள் இன்னமும் அதைப் 'பிள்ளைக் காம்பரா' என்றே சொல்கிறார்கள். லயத்துக்கு அருகே ஓர் அறை, சேலைத் தொட்டில்கள், ஓர் ஆயா. கொழுந்து எடுக்கும் கைகள் ஓயாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். பிள்ளையின் கல்வி அப்போது யாருடைய கணக்கிலும் இல்லை.

'ட்ரஸ்ட்' என்பது என்ன?

1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. வீடமைப்பையும் சமூக நலனையும் கவனிக்க அதே வருடம் இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. 2002இல் அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் மாறியது. தோட்டத்தில் 'ட்ரஸ்ட்' என்றால்தான் விளங்கும். அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் அதில் பங்காளிகள்.

பிள்ளைக் காம்பராக்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றியதில் இந்நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. ஐந்து வயது வரையான பிள்ளைகள் அங்கே பராமரிக்கப்படுகிறார்கள். ஆயாவின் இடத்தில் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். நிறை பார்த்தல், உணவு, பாட்டு, விளையாட்டு, முன்பள்ளிக் கல்வி எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. உலக வங்கி 2015இல் 50 மில்லியன் டொலருக்கு அங்கீகரித்த முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தித் திட்டத்திலும் தோட்ட நிலையங்கள் உள்ளடக்கப்பட்டன.

இன்னும் தீராதது

2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். இதற்கு நிலையங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தாயின் போசாக்கும் நாட்சம்பளமும் லயத்துத் தண்ணீரும் பிள்ளையின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. ஆனால், தாய்க்கு அடுத்தபடியாகப் பிள்ளையின் தட்டைத் தினமும் பார்ப்பவர் நிலையத்து உத்தியோகத்தர்தான்.

பொறுப்பும் பிரிந்து கிடக்கிறது. முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைக்குரிய விடயம். தோட்டத்துக் கட்டடமும் நிலமும் கம்பனியின் கையில். கூரை ஒழுகினால் யாரிடம் போவது என்று தாய்மாருக்குத் தெரிவதில்லை. இன்னொரு மாற்றமும் உண்டு. ஆடைத் தொழிற்சாலைக்கும் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் இளம் பெண்கள் போகிறார்கள். பிள்ளைகள் அம்மாயியிடம் வளர்கிறார்கள். மலை வேலை நேரத்துக்கென அமைந்த நிலையம் அந்தக் குடும்பங்களுக்குப் பொருந்துவதில்லை.

வடக்கு கிழக்குக்கும் தெரிந்த கதை

1977 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களைக் குடியமர்த்திய காந்தீயம் இயக்கம், முன்பள்ளிகளையும் நடத்தியது. அதை வழிநடத்திய வைத்தியர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். இடம்பெயர்ந்த பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது சோறும் பாதுகாப்பும் தன் மொழியில் பேசும் ஓர் ஆளும் என்பதை அந்த அனுபவம் நமக்குச் சொல்லித் தந்தது. முகாம்களில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தோட்டப் பிள்ளைக்கும் அதே மூன்றும்தான் தேவை. ஆகவே தோட்டத் தாய்மாரும் அவர்களுடன் வேலை செய்யும் அமைப்புகளும் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. உத்தியோகத்தர் பயிற்சி பெற்றவரா, தமிழில் கற்பிக்கிறாரா? நிறை குறைந்த பிள்ளையை யாரிடம் அனுப்புகிறார்கள்? மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவார்கள்? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன மாவட்டம் இது. அங்கே கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.