ஆள் பிணையும் பணப் பிணையும்

ஒருவன் கைது செய்யப்பட்டான் என்ற செய்தி வீட்டை எட்டியதும் அங்குள்ளோர் வாயில் எழும் முதற்சொல் 'ஜாமீன்' என்பதாகும். குற்றம் யாது, சாட்சி யார் என்னும் வினாக்களெல்லாம் அதற்குப் பின்னரே வரும். அச்சொல்லை இன்று நாம் பெரும்பாலும் ஒரு தொகையின் பெயராகவே வழங்குகிறோம். 'ஐயாயிரம் ரூபாய் ஜாமீன்' என்கிறோம். அரபு மொழியில் தோன்றிப் பாரசீகத்தின் வழியாக நம்மை அடைந்த அச்சொல், பிறனுக்காகப் பொறுப்பேற்று நிற்கும் ஆளைக் குறித்ததாகும். 'பிணை' என்னும் தமிழ்ச் சொல்லோ கட்டுதலைக் குறிப்பது. ஆங்கிலேயர் வழங்கும் 'பெயில்' என்ற சொல், ஒப்படைத்தல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. இம்மூன்று சொற்களிலும் பணம் என்ற பொருளே இல்லை. பின்னர் அது எப்படி உள்ளே புகுந்தது? மாணவர்களே, அவ்வினாவே இன்றைய பேச்சின் பொருள்.

இடைக்கால இங்கிலாந்தில் அரசருடைய நீதிபதிகள் ஊர் ஊராகச் சுற்றி வந்து வழக்குகளை விசாரித்தனர். ஒரு வட்டாரத்திற்கு ஒருமுறை வந்து சென்றால் மறுமுறை வரப் பல மாதங்கள் ஆகும். ஆண்டுகள் கழிவதும் உண்டு. அதுவரை பிடிபட்டவனை என் செய்வது? சிறைகளோ நோய்க்கு உறைவிடமாய் இருந்தன. காவல் செலவும் மிகுதி. ஆகவே அவனை உற்றாரிடமோ அண்டை அயலாரிடமோ ஒப்படைத்து, 'நீதிபதி வரும் நாளில் இவனைக் கொணர்ந்து நிறுத்துவது உங்கள் பொறுப்பு' என்று விடுத்தனர். அவன் ஓடிப்போனால் பொறுப்பேற்றவர் தண்டம் இறுக்க வேண்டும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூருக்கு இது பொருந்திய ஏற்பாடே.

எனினும், யாரை விடுவது, யாரை வைப்பது என்பதைக் கோட்ட அதிகாரியாகிய ஷெரீப் தீர்மானித்தார். அதிகாரம் இருக்கும் இடத்தில் கை நீளுதலும் இருக்குமன்றோ! விடத்தகாதவரைப் பணம் பெற்று விடுவதும், விடத்தக்கவரைப் பணத்திற்காகவே அடைத்து வைப்பதும் பெருகின. முதலாம் எட்வர்டு மன்னர் 1275ஆம் ஆண்டில் வெஸ்ட்மினிஸ்டரில் ஒரு சட்டம் இயற்றி, எந்தெந்தக் குற்றங்களுக்குப் பிணை உண்டு, எவற்றிற்கு இல்லை என்று வரையறுத்தார். பிணையில் விடத்தக்க குற்றம், விடத்தகாத குற்றம் என்று நம் நாட்டுச் சட்டம் இன்றும் செய்யும் பாகுபாடு அதன் வழிவந்ததே.

அடுத்து நான்கு நூற்றாண்டுகளைக் கடந்து 1676ஆம் ஆண்டுக்கு வருவோம். லண்டன் வணிகரான பிரான்சிஸ் ஜெங்க்ஸ் என்பார், புதிய பாராளுமன்றத்தைக் கூட்டுமாறு அரசரை வேண்ட வேண்டும் என்று பொதுவிடத்தில் பேசியதற்காகச் சிறையிடப்பட்டார். பிணை கேட்டுச் சென்ற இடமெல்லாம் ஒவ்வொரு சாக்கு. இது நீதிமன்ற விடுமுறைக் காலம் என்றார் ஒருவர். உம்முடைய வழக்கு எமது பட்டியலில் இல்லையே என்றனர் வேறு சிலர். இத்தகைய கொடுமைகள் கிளப்பிய கொதிப்பின் பயனாக 1679இல் 'ஹேபியஸ் கார்பஸ்' சட்டம் பிறந்தது. கதவு திறந்தது என்று மக்கள் எண்ணினர். நீதிபதிகளோ செலுத்தவே இயலாத பெருந்தொகையைப் பிணையாக விதித்து அக்கதவை மீண்டும் சாத்தினர். அதனாலேயே 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், மிகையான பிணை கேட்கலாகாது என்று விதிக்க நேர்ந்தது. அமெரிக்கரும் 1791இல் தம் அரசியலமைப்பின் எட்டாம் திருத்தத்தில் அவ்விதியைச் சேர்த்துக்கொண்டனர்.

அதன் பின்னர் நிகழ்ந்தது வியப்பானது. ஒரே வேரிலிருந்து கிளைத்த இரு நாடுகளும் இருவேறு திசையிற் சென்றன. இங்கிலாந்தில், பிணையாளிக்கு நட்டம் வந்தால் அதனை ஈடுசெய்வதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவன் ஒப்பந்தம் செய்வதே குற்றம் என்று 1910ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. தன் பணம் போகும் என்ற அச்சம் இல்லாதவன் பிறனைக் கண்காணிக்க மாட்டான் என்பது அதன் கருத்து. அமெரிக்காவிலோ கப்பல் கப்பலாய் வந்திறங்கிய மக்கள் புதிய நகரங்களை நிரப்பினர். அங்கே அண்டை வீட்டான் யாரென்று தெரியாது. பிணை நிற்க உறவினன் இல்லை. அந்த வெற்றிடத்தில் வணிகன் நுழைந்தான். சான்பிரான்சிஸ்கோ நகரில் கியர்னி வீதியில் மதுக்கடை நடத்திய மக்டானோ சகோதரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தொழிலில் இறங்கினர். அவர்கள் கடை நீதிமன்றத்திற்கு அருகில் இருந்தது. வாடிக்கையாளருக்குப் பிணை கொடுத்துதவத் தொடங்கியவர்கள், நாளடைவில் அதற்குக் கட்டணம் வாங்கும் பெருநிறுவனமாய் வளர்ந்தனர். 1937இல் அந்நகரில் நடந்த ஊழல் விசாரணையின் அறிக்கை, ஊழலின் ஊற்றுக்கண் என்று அந்நிறுவனத்தையே சுட்டியது.

இவ்வணிகம் ஒரு குடும்பத்தை எவ்வாறு தொடுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். நீதிபதி பதினாயிரம் டாலர் பிணை விதிக்கிறார் என்று கொள்வோம். முழுத் தொகையையும் நீதிமன்றத்தில் கட்ட வல்லவர்க்கு, வழக்கு முடிந்ததும் அது பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். கட்ட இயலாதவர் பிணை வணிகரிடம் செல்வர். அவர் வழக்கமாக நூற்றுக்குப் பத்து வீதம், அதாவது ஆயிரம் டாலர், கட்டணமாகப் பெற்று எஞ்சிய பொறுப்பை ஏற்பார். அந்த ஆயிரம் டாலர் திரும்பி வராது. குற்றமற்றவன் என்று தீர்ப்பானாலும் வராது. அதனோடு தாயோ மனைவியோ கையொப்பமிட வேண்டும். வீட்டை ஈடு காட்ட வேண்டியும் வரலாம். மகன் தலைமறைவானால் வீடு போய்விடும். இதில் செல்வன் இழப்பது ஒன்றுமில்லை. ஏழை இழப்பதோ ஒரு மாதக் கூலி. அதுவும் இல்லாதவன் சிறையிலிருந்தே வழக்கை நடத்துகிறான். வேலை போகிறது, வாடகை நிற்கிறது. இறுதியில், குற்றத்தை ஒப்புக்கொண்டால் உடனே வீடு செல்லலாம் என்ற நிலை வரும்போது, செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளத் துணிகிறான்.

1961இல் நியூயார்க்கில் லூயி ஸ்வைட்ஸர் என்ற இரசாயனப் பொறியாளரும் ஹெர்பர்ட் ஸ்டர்ஸ் என்பாரும் ஒரு சோதனை தொடங்கினர். சட்ட மாணவர்கள் கைதானவர்களைக் கண்டு எளிய வினாக்கள் கேட்டனர். எங்கே குடியிருக்கிறாய்? எத்தனை நாளாக? யாருடன்? எங்கே வேலை? ஊரோடு வேர் பிடித்தவன் என்று தெரிந்தவர்களைப் பணமின்றி விடுமாறு நீதிபதிக்குப் பரிந்துரைத்தனர். பழைய சிற்றூரில் அயலார் அறிந்திருந்தவற்றையே இம்மாணவர்கள் தாளில் எழுதி நீதிபதியிடம் தந்தனர் எனலாம். ஏறத்தாழ மூன்றாண்டுகளில் 3,500 பேர் அவ்வாறு வெளிவந்தனர். அவர்களுள் வேண்டுமென்றே வராமற்போனவர் நூற்றுக்கு இருவரினும் குறைவு! 1966இல் அந்நாட்டு மத்திய நீதிமன்றங்களுக்கான பிணைச் சட்டம் இதன்வழித் திருத்தப்பட்டது. இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பணப் பிணையையே அறவே ஒழித்தது. ஏனைய மாநிலங்கள் பலவற்றில் பிணை வணிகம் இன்றும் நடக்கிறது.

நம் நாட்டில் உரிமம் பெற்ற பிணை வணிகர் இல்லை. ஆங்கிலேயர் வகுத்த முறையில் ஆள்தான் பிணை நிற்கிறார். பிணை நிற்பவர் கையொப்பமிடும்போது ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை என்பதைப் பலர் அறியார். வரவேண்டிய நாளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் வராவிட்டால்தான், பத்திரத்திற் கண்ட தொகையைக் கட்டும்படியோ காரணம் கூறும்படியோ நீதிமன்றம் அவரை அழைக்கும். பொறுப்பிலிருந்து விலக விரும்பினால் அவர் மனுச் செய்துகொள்ளலாம். இதற்குமுன் எத்தனை பேருக்குப் பிணை நின்றிருக்கிறார் என்பதையும் அவர் அறிவிக்க வேண்டும். கூலிக்குப் பிணை நிற்போரைத் தடுக்கும் ஏற்பாடு இது.

ஆயினும் இங்கும் பணம் வேறு உருவில் நுழைந்தது. சொத்துள்ள ஆளே ஆள் என்றாயிற்று. மத்தியப் பிரதேசத்தில் ஏழைக் கொத்தனார் ஒருவருக்குப் பதினாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டது. அவருடைய உடன்பிறந்தவர் பிணை நிற்க முன்வந்தும், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று கீழ்நீதிமன்றம் மறுத்தது. 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அத்தொகையை ஆயிரமாகக் குறைத்தார். தமிழரோ மலையாளியோ கன்னடரோ ஆந்திரரோ பஸ்தாரிலோ போர்ட்பிளேரிலோ பிடிபட்டால், உள்ளூர்ப் பிணையாளிக்கு அவர் எங்கே போவார் என்று அத்தீர்ப்பு வினவியது. மறு ஆண்டே பீகார்ச் சிறைகளின் நிலை அந்நீதிமன்றத்தின் முன் வந்தது. தண்டனைக் காலத்தினும் நீண்ட காலம் விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்தோர் அங்கே பலர்.

பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்திற்குள் பிணையாளியைக் கொணர இயலாவிட்டால், அவரை வறியவராகக் கருதிச் சொந்தப் பத்திரத்தின்பேரில் விடவேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் திருத்தம் வகுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அவ்விதி உண்டு. விடுவிக்க ஆணை கிடைத்தும் பிணை கொடுக்க வகையின்றிச் சிறையிலேயே இருப்போரைக் கருதி, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சில நெறிகளைக் கூறியது. ஒரு மாதத்திற்குள் பிணை கொடுக்கப்படாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே கருதிப் பார்க்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. உள்ளூர்ப் பிணையாளியே வேண்டும் என்னும் நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்துமானால் அதனை விதிக்காதிருக்கலாம் என்பது மற்றொன்று. கொத்தனாருடைய உடன்பிறந்தவரைத் திருப்பி அனுப்பிய நிபந்தனையும் அதுவே. இடையில் நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றிருந்தன.