மேல்நிலைக் கணிதத்தில் நிகழ்தகவும் புள்ளியியலும்

நிகழ்தகவு என்பது, முடிவு முன்கூட்டித் தெரியாத ஒரு செயலில் எது எந்த அளவுக்கு நிகழக்கூடும் என்பதை 0 முதல் 1 வரையிலான எண்ணால் அளப்பது. புள்ளியியல் என்பது, திரட்டிய தரவிலிருந்து முடிவு காண்பது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் இவை பெரும்பாலும் வகை நுண்கணிதத்துக்கும் வெக்டருக்கும் அடுத்துப் பாடநூலின் இறுதிப் பகுதியில் வரும். சூத்திரங்கள் குறைவு, கணக்குப் போடுவதும் எளிது. ஆனாலும் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று. தவறு பெரும்பாலும் பெருக்கலில் நேர்வதில்லை, வினாவைப் படிப்பதில்தான் நேர்கிறது.

வரலாறு

1654-இல் கணிதவியலாளர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டப் பணயத்தைப் பங்கிடுவது குறித்துக் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்து இந்த இயலின் கதையைத் தொடங்குவது வழக்கம். நிகழ்தகவு பற்றிய யாகோப் பெர்னூலியின் நூல் அவர் இறந்தபின் 1713-இல் வெளியானது. தாமஸ் பேய்ஸின் கட்டுரையும் அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1763-இல் நண்பர் ரிச்சர்ட் பிரைஸின் முயற்சியால் அச்சேறியது. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மூன்று அடிகோள்கள் 1933-இல் கோல்மொகோரோவ் வகுத்தவை. ஆக, ஒரே அத்தியாயத்துக்குள் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அடங்கிக் கிடக்கின்றன.

சமவாய்ப்பு என்னும் சொல்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முடிவைக் கணிக்க முடியாத சோதனைக்குச் சமவாய்ப்புச் சோதனை என்றும், அதன் முடிவுகளுக்கு எண் மதிப்பளிக்கும் சார்புக்குச் சமவாய்ப்பு மாறி என்றும் பெயர். எல்லா முடிவுகளும் ஒரே அளவில் நிகழக்கூடும் என்ற வேறொரு கருத்துக்கு, சம வாய்ப்புள்ள நிகழ்ச்சிகள் என்று பெயர். இடையில் ஓர் இடைவெளிதான் வேறுபாடு. சமவாய்ப்பு மாறி என்றால் அதன் மதிப்புகள் அனைத்துக்கும் சம வாய்ப்பு உண்டு என்று மாணவர் எடுத்துக்கொண்டால் குற்றம் அவர் மீது மட்டும் இல்லை. இலங்கைப் பாடநூல்கள் எழுமாற்று மாறி என்கின்றன. அந்தச் சொல்லில் இந்தப் பொறி இல்லை.

இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டுத்தொகையைப் பார்த்தால் பொறி எங்கே இருக்கிறது என்பது தெரியும். தொகை 2 முதல் 12 வரை பதினொரு மதிப்புகளைப் பெறலாம். அதனால் 7 வருவதற்கான நிகழ்தகவு 1/11 என்று எழுதுபவர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. கூறுவெளியில், அதாவது எல்லா முடிவுகளின் தொகுப்பில், சம வாய்ப்புள்ள 36 முடிவுகள் உள்ளன, அவற்றில் ஆறு 7-ஐத் தரும். எனவே விடை 1/6. 2 வருவதற்கோ 1/36 மட்டுமே. இப்படி வழுக்கியவர்களில் பெரிய பெயர்களும் உண்டு. நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழுவதற்கான நிகழ்தகவு 2/3 என்று கணிதவியலாளர் தலம்பேர் வாதிட்டார். சரியான விடை 3/4. அவர் அப்படி எழுதியது 1754-இல், பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் ஒன்றில் என்பதை இன்னொரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் சொல்வது கொஞ்சம் சங்கடமானதுதான்.

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளையும் சார்பிலா நிகழ்ச்சிகளையும் ஒன்றாகக் கருதுவது அடுத்த குழப்பம். ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே முடியாது என்பது சார்பின்மை அன்று, சார்பின் உச்சம். நிகழ்தகவு பூச்சியமில்லாத இரு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் இந்த இரண்டு வகையிலும் அடங்கமாட்டா.

சார்புநிலை நிகழ்தகவு

தெரிந்த செய்தியைக் கணக்கில் கொண்டு நிகழ்தகவைத் திருத்துவது சார்புநிலை நிகழ்தகவு. தமிழில் நிபந்தனை முன்னே வரும்: 'முதலில் எடுத்த பந்து சிவப்பு எனில், இரண்டாவதும் சிவப்பாக இருக்க...' என்றுதான் வாக்கியம் ஓடும். குறியீடு இதற்கு நேரெதிர். கேட்கப்படும் நிகழ்ச்சி முதலிலும், தெரிந்த நிகழ்ச்சி சாய்கோட்டுக்குப் பின்னுமாக எழுதப்படும். வாக்கியம் போன வரிசையிலேயே குறியீட்டையும் எழுதிவிடுவதால் கணக்கிட்டது சரியாக இருந்தும் விடை வேறொரு கேள்விக்கானதாகிவிடுகிறது.

பேய்ஸ் தேற்றத்தில், கேட்கப்படும் நிகழ்ச்சியையும் தெரிந்த நிகழ்ச்சியையும் இப்படி இடம் மாற்றுவதே பாடத்தின் மையம். நூற்றில் ஒருவருக்கு இருக்கும் நோய் ஒன்றைக் கொள்வோம். பரிசோதனை, நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாகக் காட்டும். நோயற்றவர்களில் 9 விழுக்காட்டினரையும் தவறாக நோயாளி என்று காட்டும். நோய் உண்டு என்று முடிவு வந்த ஒருவருக்கு உண்மையில் நோய் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? 90 விழுக்காடு என்று மனம் சொல்லும். ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் நோயுள்ளவர் 10, அவர்களில் 9 பேருக்கு நோய் உண்டு என்று வரும். மீதி 990 பேரில் ஏறத்தாழ 89 பேருக்கும் அப்படியே வரும். எனவே 98-இல் 9, அதாவது 9 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பின்னங்களுக்குப் பதிலாக இப்படித் தலை எண்ணினால் விடை எளிதில் பிடிபடும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் ஆய்வுகளால் காட்டியிருக்கிறார். வகுப்பறையில் சூத்திரம் முதலில் வருகிறது. தலை எண்ணல் வருவதே அரிது.

ஈருறுப்புப் பரவல்

வெற்றி, தோல்வி என இரண்டே முடிவுள்ள முயற்சியைச் சார்பின்றிப் பலமுறை செய்யும்போது வெற்றிகளின் எண்ணிக்கை ஈருறுப்புப் பரவலைப் பின்பற்றும். இதற்கு எடுத்துக்காட்டைத் தேடிப் போக வேண்டாம், தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணித வினாத்தாளிலேயே இருக்கிறது. 90 மதிப்பெண்ணில் 20, நான்கு விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெழுதும் ஒரு மதிப்பெண் வினாக்கள். எதையும் படிக்காமல் குத்துமதிப்பாக எழுதுபவர் எதிர்பார்க்கக்கூடியது 5 மதிப்பெண். திட்ட விலக்கம் 1.94. பாதியையோ அதற்கு மேலோ சரியாக எழுதிவிடுவதற்கான நிகழ்தகவு 0.014, அதாவது எழுபது பேரில் ஒருவர். 'குறைந்தபட்சம் 10' என்றால் 10-உம் சேரும், '10-க்கு மேல்' என்றால் சேராது. தேர்வறையில் மதிப்பெண் பறிபோவது இந்த உம்மில்தான்.

பாடத்திட்ட வேறுபாடுகள்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் வரை படித்தவர், மேல்நிலையில் கணிதத்தை எடுத்தால் புள்ளியியலைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடுகிறார். பதினொன்றில் பேய்ஸ் தேற்றம் வரையும், பன்னிரண்டில் ஈருறுப்புப் பரவல் வரையும் அவருக்கு நிகழ்தகவு மட்டுமே உண்டு. பாய்சான் பரவல், இயல்நிலைப் பரவல், கூறெடுப்பு, கருதுகோள் சோதனை, குறியீட்டெண் எல்லாம் வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் என்னும் பாடத்தில் இருக்கின்றன. மருத்துவ ஆய்வுக்கோ பொறியியலுக்கோ போகவிருப்பவருக்குக் கிடைக்காத கருதுகோள் சோதனை, வணிகவியல் மாணவருக்குக் கிடைக்கிறது. இந்தப் பங்கீட்டுக்கு நியாயம் காண்பது கடினம்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பில் நிகழ்தகவு அலகுக்கு 80-இல் 8 மதிப்பெண். இலங்கையின் உயர்தர இணைந்த கணிதத்திலோ இரண்டாம் வினாத்தாளில் நிலையியல், இயக்கவியலோடு நிகழ்தகவும் புள்ளியியலும் சேர்ந்தே வருகின்றன. தமிழ்நாட்டு மாணவரின் திட்ட விலக்கத்தை அங்கு நியம விலகல் என்பார்கள்.