தாபோடியிலிருந்து இரு வழிகள்: மலையா, கடலா?

புனே நகரின் வடமேற்கில், முளா ஆற்றங்கரையில் உள்ளது தாபோடி. அங்கிருந்து ஒருநாள் பயணம் கிளம்புவோர் முன் வழக்கமாக இரண்டு பெயர்கள் எழும்: மலைக்கு லோணாவளா, கடலுக்கு அலிபாக். முன்னதற்கு உள்ளூர் ரயில் போதும். பின்னதற்குச் சகியாத்திரியின் செங்குத்தான சரிவு முழுவதையும் இறங்கியாக வேண்டும். இந்தத் தேர்வுக்கு இவ்வூரில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழமை உண்டு. அன்று தேர்ந்தவர் பம்பாய் ஆளுநர்.

1817 நவம்பர் 5 அன்று நடந்த கட்கிப் போரின்போது, பேஷ்வாவின் பெயரால் அமைந்த ஒரு படைப்பிரிவு தாபோடியில் தங்கியிருந்தது. அதன் தலைவர் கேப்டன் ஃபோர்டு ஓர் ஆங்கிலேயர். பேஷ்வாவின் செலவில் பயின்ற அப்படை, போர் மூண்டதும் கும்பினிப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது. ஃபோர்டு அங்கே எழுப்பியிருந்த மாளிகையை, 1827இல் ஆளுநராக வந்த சர் ஜான் மால்கம் அரசுக்காக வாங்கினார். 1818இல் இரண்டாம் பாஜிராவ் சரணடைந்ததும் இதே மால்கமிடம்தான். மாளிகையை ஒட்டி ஒரு தாவரவியல் தோட்டமும் உருவாயிற்று. மருத்துவமனைகளுக்கு வேண்டிய மூலிகைகளை அலெக்ஸாண்டர் கிப்சன் பின்னர் அங்கே பயிரிட்டார். அத்தோட்டச் செடிகளை வரைந்த இந்திய ஓவியரின் படங்கள் எடின்பரோவில் பாதுகாக்கப்படுகின்றன. ஓவியரின் பெயர்தான் எஞ்சவில்லை.

காலப்போக்கில் ஆளுநரின் ஆண்டு மூன்றாகப் பகுந்தது. குளிர்காலம் பம்பாய்க் கடற்கரைக்கு, கோடை மகாபலேசுவரத்துக்கு, மழைக்காலம் புனேவுக்கு. மகாபலேசுவரத்தில் ஆண்டுக்குச் சுமார் 6,000 மில்லிமீட்டர் மழை கொட்டும். ஆகவே ஜூனில் மலையை விட்டு இறங்கியே ஆகவேண்டும். மழைமறைவில் இருக்கும் புனேவுக்கு அதில் எட்டில் ஒரு பங்கு அளவே கிடைக்கும். தாபோடி மாளிகையின் மதிப்பு இந்தக் கணக்கில் அடங்கியிருந்தது.

மகாபலேசுவரம் அப்போது சாத்தாரா அரசர் பிரதாப்சிங்குக்கு உரியது. 1829இல் அவரிடமிருந்து அந்நிலத்தைப் பெற்ற மால்கம், ஈடாக வாய் பகுதியிலுள்ள கண்டாளா என்னும் சிற்றூரை வழங்கினார். (லோணாவளாவுக்கு அருகிலுள்ள கண்டாளா வேறு; இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.) மலையில் எழுந்த குடியிருப்புக்கு மால்கம் பேட்டை என்று பெயர். பத்தாண்டுகளில், 1839இல், அந்த அரசரையே கும்பினி அரியணையிலிருந்து இறக்கியது.

மராத்தியர் தம் நிலத்தை நெடுங்காலமாகவே கொங்கண், மாவள், தேஷ் எனப் பகுத்து வழங்குகின்றனர்: கடலோரம், மலைப்பள்ளத்தாக்கு, மேட்டுச் சமவெளி. அவர்கள் வழக்கில் ‘காட்’ என்பது மலையைக் குறிப்பதன்று. ஏறி இறங்கும் கணவாய்வழியைக் குறிப்பது. ஆங்கிலேயரே அச்சொல்லை மலைத்தொடர் முழுமைக்கும் பெயராக்கினர். குறிஞ்சியையும் நெய்தலையும் தனித்தனி உலகங்களாகப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு, அவ்விரண்டையும் பிணைக்கும் வழியே பெயராக நிற்பது சற்றுப் புதுமையாகத் தோன்றும்.

அந்த வழிதான் எளிதில் அமையவில்லை. போர் காட்டில் வண்டிச்சாலையை 1830 நவம்பரில் மால்கம் திறந்துவைத்தார். அதுவரை பல்லக்குத் தூக்கிகளும் பொதிமாடுகளுமே அந்தச் சரிவில் பாரம் சுமந்தனர். ரயில்பாதை 1863இல் முடிந்தது. 24 கிலோமீட்டர் நீளத்தில் 550 மீட்டருக்கு மேல் ஏறும் அப்பாதையில் பல்லாயிரம் தொழிலாளர் உழைத்தனர். காலராவும் காய்ச்சலும் திரள்திரளாக உயிர்களைக் கொண்டுபோயின. 1859இல் கூலிக் குறைபாட்டால் கலகம் வெடித்தது. அவ்வாண்டே ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் நோயில் இறக்க, அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தை ஏற்று நடத்தினார். அவர் பெயர் வரலாற்றில் பதிந்தது. கல்லுடைத்தவர் பெயர்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

1860களில் கணேஷ்கிண்டில் புதிய ஆளுநர் மாளிகை எழுந்தபின் தாபோடியின் சிறப்பு மங்கியது, தோட்டமும் கைவிடப்பட்டது. இன்று கணேஷ்கிண்ட் மாளிகை புனே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம். தாபோடியிலோ, கட்கிக்கும் காசர்வாடிக்கும் இடையில் லோணாவளா ரயில் சிறிது நேரம் நின்று செல்கிறது. அதில் ஏறுவோர் ‘மலைக்குப் போகிறோம்’ என்கின்றனர். லோணாவளா புனேவைவிட 60 மீட்டர் அளவே உயர்ந்தது. அவர்கள் சென்று சேர்வது மேட்டுநிலத்தின் விளிம்பை. அங்கே நின்று கீழே பார்த்தால் தெரிவது கொங்கண்.