மணலில் எழுதிய விரல்

நம் திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகள் எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்கள். காதும் நாவும் கையும் சேர்ந்து அதை நினைவில் பதித்தன. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், இதைத் தாமும் கையாண்டு 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளிலும் மணல் தட்டு வந்தது.

மைசூரில் 1969-ல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் முதல் இயக்குநர் டி.பி. பட்டநாயக், தாய்மொழியில் தொடங்கும் கல்வியையே வலியுறுத்தினார். அதே மைசூரில், அகத்தில் தமிழ் பேசி, கன்னடத்தில் எழுதும் ஹெப்பார், மண்டயம் ஐயங்கார் குடும்பங்கள் தலைமுறைகளாக உண்டு. பேச்சு தங்கியது, எழுத்து நழுவியது.

வெளியூர் அங்கத்தினர்களே, நம் பேரக் குழந்தைகளுக்கும் இதே நிலைதான். விஜயதசமியன்று வைக்கும் அரிசித் தட்டை மறுநாளும் எடுத்து வைப்போமே!