எல்லை மண்ணில் ஒரு பெயர்ப்பலகை

வடக்கே வேங்கடமும் தெற்கே குமரியும் தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லைகள் எனத் தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் வரையறுத்தார். அவ்வேங்கடத்துக்குத் தெற்கே, திருத்தணியைக் கடந்து செல்வார்க்கு எதிர்ப்படும் ஊர் நகரி. தறியோசை கேட்கும் இவ்வூரில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். இங்குக் கடை திறக்கும் ஒருவர் அதன் முகப்பில் தம் தாய்மொழியில் பெயரெழுத விரும்பினால், எவ்வெவ் வாயில்களைக் கடக்க வேண்டும்? வினா சிறிதே. எனினும் அதன் விடைக்குள் நெடிய வரலாறொன்று அடங்கிக் கிடப்பதைக் காண்கிறோம்.

கல்லெழுத்தும் இசைவும்

பொதுவிடத்தில் எழுத்தை நிறுத்த ஆட்சியின் இசைவு வேண்டும் என்பது ஆங்கிலேயர் கொணர்ந்த புதுமை அன்று. சோழப் பேரரசில் மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணை ஓலையில் ஏறி, அலுவலர் பலரால் ஒப்புநோக்கப்பெற்று, அதன் பின்னரே கல்லில் வெட்டப்பெற்றது. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் புதுப்பிக்க ஆணையிட்ட முதலாம் இராசராசன், பழங்கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்கச் செய்தான். அவை அவன் மைந்தன் இராசேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லில் பொறிக்கப்பெற்றன. சுவர் மாறினும் எழுத்து அழியலாகாது என்னும் கவலை அம்மன்னர்க்கு இருந்தது. திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளுள் மிகப்பல தமிழில் அமைந்தவை. தேவஸ்தானத்தார் 1930-களில் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டனர். ஆகவே இம்மண்ணில் தமிழெழுத்து நேற்று வந்த விருந்தன்று.

ஆட்சி மாறிய காலம்

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1-ஆம் நாள் உருவாயிற்று. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அம்மாவட்டம் அதனுடன் சென்றது. ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம் நாம் அறிந்ததே. பின்னர் எச்.வி. படாஸ்கர் எல்லைச் சிக்கலை ஆராய்ந்தார். சிற்றூரே அலகு, பெரும்பான்மையோர் மொழியும் நிலத்தொடர்ச்சியும் அளவுகோல். இந்நெறியில் பிறந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம் 1960 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தமிழகம் சேர்ந்தது. சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும் அது சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தது.

எங்குக் கோடு கிழிப்பினும் இருபுறமும் மாற்றுமொழியார் சிலர் எஞ்சுவர். திருத்தணிப் பக்கத்தில் தெலுங்கர் எஞ்சியது போலவே நகரிப் பக்கத்தில் தமிழர் எஞ்சினர். எஞ்சியோரின் மொழி எங்கே கண்ணில் படும் என்பதே நம் கட்டுரையின் உயிர்நாடி.

விண்ணப்பம் செல்லும் வழி

முன்னர்ச் சித்தூர், திருப்பதி ஆகிய நகராட்சிகள் 1920-ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டத்தின்கீழ் இயங்கின. பின்னர் 1965-இல் ஆந்திரப் பிரதேச நகராட்சிச் சட்டம் பிறந்தது. இதன்படி, ஆணையரின் எழுத்து வடிவ இசைவின்றி நிலத்தின்மீதோ கட்டடத்தின்மீதோ விளம்பரம் அமைத்தலாகாது. கட்டடத்துக்குள் நடக்கும் வணிகத்தைக் குறிக்கும் பலகை வேறு, அயலார் பொருளைப் புகழும் விளம்பரம் வேறு என வரி விதிக்குங்கால் பகுத்துக் காண்பது இத்தகைய சட்டங்களின் மரபு. நகரியின் வழியே சென்னை–திருப்பதி நெடுஞ்சாலை செல்கிறது. தேசிய நெடுஞ்சாலைக்குரிய நிலத்தில் பலகை நட விரும்புவோர் நகராட்சியோடு நில்லாது நெடுஞ்சாலைத் துறையின் இசைவும் பெறவேண்டும்.

இக்கட்டுப்பாடு வீணன்று. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் இசைவின்றிக் கட்டிய பதாகை சரிந்து, இருசக்கர ஊர்தியில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். பலகையின் அளவையும் உறுதியையும் ஆட்சியாளர் கேட்பது மக்கள் உயிரைக் காத்தற்கே.

மொழியைப் பற்றிய விதி வேறிடத்தில் உள்ளது. 1988-ஆம் ஆண்டின் ஆந்திரக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், பெயர்ப்பலகை தெலுங்கில் இருத்தல் வேண்டும் என்றும், பிறமொழி எழுதின் அது தெலுங்குக்குக் கீழே அமைதல் வேண்டும் என்றும் கூறுகின்றன. கூர்ந்து நோக்கின், இவ்விதி தமிழைத் தடுக்கவில்லை என்பது புலனாகும். இடம் மட்டுமே வரையறுக்கிறது. தமிழ்நாட்டு விதியும் இதற்கு உறவுடையதே. அங்குத் தமிழ், ஆங்கிலம், பிறமொழி என்பன 5:3:2 என்னும் அளவில் அமைதல் வேண்டும். நமக்கு நாம் அங்கு வேண்டிப் பெற்ற முதன்மையைத் தெலுங்கர்க்கு இங்கு மறுப்பது அறமாகாது.

பிறர் கண்ட தீர்வு

கனடாவின் கியூபெக் மாநிலம் 1977-இல் வணிகப் பலகைகள் பிரெஞ்சு மொழியில் மட்டுமே இருத்தல் வேண்டும் எனச் சட்டம் செய்தது. 1988-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அத்தடையைச் செல்லாதென்றது. 1993-இல், பிரெஞ்சு மேலோங்கி நிற்க, பிறமொழியும் உடனிருக்கலாம் என்னும் இணக்கம் பிறந்தது. நம் நாட்டிலும் மகாராட்டிரத்தின் அகோலா மாவட்டத்துப் பாத்தூர் நகராட்சியின் பெயர்ப்பலகையில் மராத்தியோடு உருது இருத்தலை எதிர்த்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2025 ஏப்ரலில் நீதியரசர்கள் சுதான்சு தூலியாவும் வினோத் சந்திரனும், ஆட்சிமொழி இருக்க உடன் பிறிதொரு மொழியும் இருத்தல் சட்டத்துக்கு மாறன்று எனத் தீர்த்தனர். அத்தீர்ப்பு நகராட்சியின் சொந்தப் பலகையைப் பற்றியது. ஆயினும் அதன் ஒளி நகரித் தெருவிலும் படுமன்றோ?

நாம் செய்யத்தக்கது

பேச்சில் மட்டும் வாழும் மொழி, எழுத்தைக் காணாத தலைமுறையில் தளரும். பள்ளியில் தமிழ் கற்கும் வாய்ப்பில்லாச் சிறுவனுக்குத் தெருப்பலகையே அரிச்சுவடி ஆகலாம். சட்டம் இடந்தந்தும் தமிழ் வரியை விட்டு விடுவோமாயின், அவ்விழப்புக்கு ஆட்சியைக் குறைகூற இயலாது. மொழிச் சிறுபான்மையர் 15 முதல் 20 விழுக்காடு வாழும் பகுதிகளில் இன்றியமையாத அரசு அறிவிப்புகள் அவர்தம் மொழியிலும் வெளியாதல் வேண்டும் என 1961-இல் முதலமைச்சர் மாநாடு ஏற்றது. நகராட்சி அறிவிப்புகளில் தமிழும் இடம்பெற, இதனை எடுத்துக்காட்டி நம் சங்கங்கள் முறைப்படி விண்ணப்பிக்கலாம்.

மேல்வரியில் தெலுங்கு, கீழ்வரியில் தமிழ், கையில் முறையான இசைவுச் சீட்டு: இம்மூன்றும் ஒருங்கமைந்த பலகை எவர்க்கும் பகையன்று. முன்னோர் கல்லில் வெட்டியதை நாம் பலகையிலேனும் எழுதி வைப்போமாக.