கூட்டில் மிஞ்சிய இடம்: ரிவால்வர் தோட்டாவுக்கு மருந்து தேர்ந்த வரலாறு

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்துச் சீர்செய்து, மருந்தைப் பற்றவைக்கும் புதிய பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை அளந்து போட்டு, ஈயக் குண்டை அழுத்திப் பதித்து மீண்டும் தோட்டாவாக்கும் வழக்கம் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியிலேயே வேரூன்றிவிட்டது. ரிவால்வர் தோட்டாவுக்கு எந்த மருந்து பொருந்தும் என்று கேட்டால், எரிவேகத்தை வைத்தே பெரும்பாலும் விடை சொல்வார்கள்: குழல் குட்டையானது, ஆகவே விரைந்து எரியும் மருந்து வேண்டும் என்பார்கள். அதில் பிழையில்லை, ஆனால் அது பாதி விடைதான். ரிவால்வர் மருந்துகளின் வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் தேர்வை ஆட்டிவைத்த இன்னொரு காரணம் தெரிகிறது. கரிமருந்துக்காக அளவெடுத்த கூட்டில், புகையில்லா மருந்து வந்தபின் மிஞ்சிப்போன காலியிடமே அது. அந்த இடத்தை என்ன செய்வது என்ற கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே இந்த மருந்துகளின் வரலாறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

கரிமருந்துக் காலத்தில் இக்கேள்வி எழவே இல்லை. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் சேர்ந்த அந்த மருந்தின் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் புகையும் கசடுமாகவே போய்விடும். எனவே போதிய உந்துதல் வேண்டுமானால் நிறைய மருந்து போட்டாக வேண்டும். 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரின் .45 தோட்டாவில் 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் கரிமருந்து அடைத்தார்கள். மருந்து கூட்டை நிரப்பி, குண்டின் அடியைத் தொட்டு நின்றது. இதனால் அடைப்பவருக்குக் கேட்காமலே ஒரு காவல் கிடைத்தது. தவறி இருமுறை போட்டால் மருந்து வெளியே வழிந்து பிழையைக் காட்டிக்கொடுக்கும். துப்பாக்கியை எப்படிச் சாய்த்தாலும் மருந்து இடம் மாறாது. கூட்டின் அளவே மருந்தின் அளவாக இருந்த காலம் அது.

1884இல் பிரான்சின் பால் வியேய் புகையில்லா மருந்தை உருவாக்கினார். 1887இல் நோபலின் பாலிஸ்டைட்டும், 1889இல் பிரிட்டனின் கார்டைட்டும் தொடர்ந்தன. நைட்ரோசெல்லுலோஸை அடிப்படையாகக் கொண்ட இவை ஏறக்குறைய முழுவதும் வாயுவாக மாறுவதால், அதே வேலைக்கு மிகக் குறைந்த அளவே போதும். அழுத்தம் ஏற ஏற இவை எரியும் வேகமும் ஏறும். அழுத்தம் போதாத பெரிய இடத்தில் மந்தமாகவும் சீரின்றியும் எரியும். அளவு மிஞ்சினால் அழுத்தம் விறுவிறுவென்று எகிறும். பழைய கூட்டுக்கும் புதிய மருந்துக்கும் இடையிலான பொருத்தமின்மை இங்குதான் தொடங்கியது.

பிரிட்டன் கூட்டையே வெட்டியது. வெப்லி ரிவால்வரின் .455 தோட்டா 1891இல் கரிமருந்துக்காக வந்தது. 1894இல் அதே கூட்டில் கார்டைட் அடைத்தார்கள். சுமார் 22 மில்லிமீட்டர் நீளமிருந்த அந்தக் கூட்டில் கார்டைட் சரிவர எரியவில்லை. 1897இல் வந்த இரண்டாம் வகைத் தோட்டாவில் கூட்டின் நீளம் 20 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கியது. மருந்து மாறாமல், அது இருக்கும் இடத்தைச் சுருக்கியதாலேயே எரிதல் சீர்பட்டது என்பது இந்த வாதத்துக்கு மிக நேரடியான சான்று. இதே கார்டைட்டைப் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காகத் தயாரிக்கவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை எழுந்தது.

அமெரிக்கா கூட்டைத் தொடவில்லை. லாஃப்லின் அண்ட் ராண்ட் நிறுவனம் 1898இல் கொண்டுவந்த புல்ஸ்ஐ, ரிவால்வர்காரர்களின் விருப்ப மருந்தாயிற்று. அதே காலத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அறிமுகப்படுத்திய .38 ஸ்பெஷல், சுமார் 21 கிரெயின் கரிமருந்து கொள்ளும் கூட்டோடு பிறந்து, விரைவிலேயே புகையில்லா மருந்துக்கு மாறியது. புல்ஸ்ஐ அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு எடையே போதும். அப்படி அடைத்த கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய செதில் படலம்தான் தெரியும். மேலே எல்லாம் காலி. துப்பாக்கியைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் மருந்து குண்டின் பக்கம் ஓடிவிடும். மேல்நோக்கி நிமிர்த்தினால் பிரைமர் மேல் குவியும். இரண்டு நிலைகளிலும் வேகம் வேறுபடும். அதைவிட மோசமாக, இருமுறை விழுந்த மருந்தும் கூட்டுக்குள் சத்தமின்றி அடங்கிவிடும். இலக்குச் சுடுவோர் கூட்டின் வாயளவுக்கு உள்ளே பதிக்கும் தட்டைமுனைக் குண்டை விரும்பியதற்குத் தாளில் வட்டமான துளை விழுவது மட்டும் காரணமல்ல. அது காலியிடத்தைப் பெருமளவு விழுங்கி, சிறிதளவு மருந்தையும் சீராக எரியவைத்தது.

இதற்கு முதல் மறுப்பு ஒன்றுண்டு. குறைந்த மருந்தடைத்த தோட்டாக்கள் சில துப்பாக்கியைப் பிளந்தது காலியிடத்தில் மருந்து அதிர்வெடியாக மாறியதால்தான், எனவே காலியிடமே நேரடிக் குற்றவாளி என்பார் உண்டு. ஆனால் விரைமருந்து அடைத்த ரிவால்வர் தோட்டாவில் அத்தகைய வெடிப்பை ஆய்வகங்களால் நம்பகமாக மீண்டும் உண்டாக்க முடிந்ததில்லை. தெரியாமல் விழுந்த இரட்டை அளவோ, குழலில் சிக்கிய முந்தைய குண்டோ எளிய விளக்கமாக நிற்கிறது. .38 ஸ்பெஷலுக்கு இன்றைய அமெரிக்கத் தர அழுத்த வரம்பு 17,000 பி.எஸ்.ஐ.தான், இரட்டை அளவு அதை வெகுதூரம் தாண்டிவிடும். காலியிடம் தானாக வெடிப்பதில்லை, பிழையை மறைத்துவைக்கிறது. அந்த அளவிலேயே அது ஆபத்து.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலுவானது. இடம்தான் சிக்கல் என்றால் மேக்னம் தோட்டாக்கள் கூட்டை ஏன் நீட்டின? .357 மேக்னம் 1935இல் .38 ஸ்பெஷலைவிடச் சுமார் 3 மில்லிமீட்டர் நீண்ட கூட்டோடு வந்தது. நீட்டியதன் முதல் நோக்கம், உயர் அழுத்தத் தோட்டா பழைய, வலுக்குறைந்த ரிவால்வரில் நுழையாமல் தடுப்பது. அதோடு, 1930களில் ஹெர்குலிஸ் நிறுவனம் தந்த 2400 போன்ற மெதுவாக எரியும் மருந்துகள் அந்தப் பெரிய இடத்தை முதன்முறையாக ஒரு வசதியாக மாற்றின. அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் .44 ஸ்பெஷல் கூட்டில் 2400ஐ அடைத்துச் செய்துவந்த சோதனைகள் 1955இல் .44 மேக்னத்துக்கு வழிவிட்டன. இங்கே இடம் காலியாக விடப்படவில்லை. மெதுவான மருந்தால் நிரப்பப்பட்டது. எச்110, வின்செஸ்டர் 296 ஆகிய உருண்டைமணி மருந்துகளை வெளியிட்ட அளவிலிருந்து அதிகம் குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் எச்சரிப்பதும் இதையே உறுதிசெய்கிறது: இடம் காலியாகி அழுத்தம் இறங்கினால் மருந்து முழுதாக எரியாமல் குண்டு குழலிலேயே நின்றுவிடலாம். எனவே மேக்னம் இந்த வாதத்தை மறுக்கவில்லை. அதன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது.

வரலாறு முழுச்சுற்று வந்தது என்பதற்கு டிரெயில் பாஸ் சான்று. பழைய மேற்கத்தியத் துப்பாக்கிகளால் போட்டியிடும் கவ்பாய் சுடுவோருக்காக 21ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வந்த இம்மருந்தின் மணிகள் நடுவில் துளையுள்ள சிறு வளையங்கள். எடை குறைவு, பருமன் அதிகம்; .45 கோல்ட் கூட்டில் கண்ணுக்குத் தெரியும்படி நிறைந்து நிற்கும். கரிமருந்துக்கு நிகரான பருமனில் அளக்கத்தக்க மருந்துகளைத் தொடக்கக்காலத்திலேயே வேட்டைத் துப்பாக்கிகளுக்குச் செய்தார்கள். அந்தக் கருத்தே ஒரு நூற்றாண்டு கழித்து ரிவால்வரில் புதுவடிவம் பெற்றது. வேதியியல் இவ்வளவு முன்னேறியபின்னும் பொறியாளர்கள் பருமனுக்குத் திரும்பினார்கள் என்றால், எரிவேகம் மட்டுமே அளவுகோல் அல்ல என்பது தெளிவு.

ஆகவே எரிவேகத்தை மட்டும் பார்த்து மருந்தைத் தேர்வது போதாது. எடுத்த கூடு எந்தக் காலத்து மருந்துக்காகப் பிறந்தது, துப்பாக்கி எவ்வளவு அழுத்தம் தாங்கும், தேர்ந்த மருந்து அந்த இடத்தில் எவ்வளவு நிறையும், இரட்டை அளவு விழுந்தால் கண்ணில் படுமா என்பவற்றை முதலில் கேட்க வேண்டும். அதன்பிறகே தயாரிப்பாளர் வெளியிட்ட அளவுப் பட்டியலுக்குள் நின்று எரிவேகத்தை ஒப்பிட வேண்டும். இடத்தைக் கணக்கில் எடுத்தவர்களே, கூட்டை வெட்டிய பிரிட்டிஷாரானாலும் மெதுமருந்தால் நிரப்பிய அமெரிக்கரானாலும், நம்பத்தக்க தோட்டாவைச் செய்தார்கள்.