ஐயாயிரம் அடிக் கோடு

கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பன்விலவுக்கும், அங்கிருந்து மடுல்கலைக்கும் ஏறிச்செல்லும் பாதையில் பிரயாணஞ் செய்கிற ஒருவர், சரிவெங்கும் பச்சையாய்ப் படர்ந்துகிடக்கும் தேயிலையையும் அதற்கு மேலே முகில் மூடிய நக்கிள்ஸ் தொடரின் கருங்காட்டையும் கண்டு, இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள விளிம்பு இயற்கை வகுத்தது என்று எண்ணிவிடக்கூடும். அந்த விளிம்பை வகுத்தது கோப்பித் தோட்டக்காரரின் இலாபக் கணக்கு. பின்னர் அதற்கு அரசாங்க முத்திரை வைத்தது லண்டனிலிருந்து வந்த ஓர் ஆலோசனை. சீதோஷ்ண நிலையைக் காப்பது எவர் பொறுப்பு, அது கெடும்போது இடம்பெயர்கிறவர் எந்த ராஜ்யத்தின் பிரஜை என்று இன்றைய சர்வதேச மாநாடுகள் விவாதிக்கும் பிரச்சினைகள், 1870கள் முதற்கொண்டே இம்மலைப் பிரதேசத்தின் தலையில், இங்கு வாழ்ந்தவர்களைக் கேளாமலே, தீர்க்கப்பட்டுவந்துள்ளன.

கண்டி ராஜ்யம் 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. மேற்கிந்தியக் கோப்பிக்கு இருந்த சுங்கச் சலுகை 1835இல் நீங்கியதும் இலங்கைக் கோப்பிக்கு யோகம் பிறந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசின் சொத்தென்று கொள்ள வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்துவந்த கிராமத்துச் சிங்களக் குடியானவனிடம் பத்திரம் ஏது? ஏக்கர் ஐந்து ஷில்லிங் வீதம் காடு விலைபோயிற்று. மரங்களை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, தீ மூட்டி, சாம்பல் ஆறுமுன் கோப்பிக் கன்று நட்டார்கள். ஏறக்குறைய 2,000 அடிக்கும் 5,000 அடிக்கும் இடைப்பட்ட சரிவே அப்பயிருக்கு உகந்தது என்பதால், நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைகளின் நடுச்சரிவுக் காடுகளே முதலில் பலியாயின.

இந்நிலையில், 1873ஆம் ஆண்டில், கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர், மலைக்காடு அழிந்தால் மழையும் ஊற்றும் குன்றும் என்று குடியேற்ற நாட்டமைச்சுக்கு ஆலோசனை கூற, 5,000 அடிக்கு மேற்பட்ட அரசாங்கக் காடுகளை விற்கலாகாது என்னும் கட்டளை இலங்கைக்கு வந்தது. சீதோஷ்ணத்தின் பொருட்டு ஒரு சாம்ராஜ்யம் தன் வருமானத்துக்கே வரம்பு கட்டிக்கொண்ட அபூர்வ நிகழ்ச்சி இது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சிவனொளிபாத மலைக்காடும் ஹோர்ட்டன் சமவெளியும் இன்றும் இருப்பதற்கு அக்கட்டளை ஒரு காரணம். ஆயினும் கோடு எங்கே விழுந்தது என்று பார்க்கவேண்டும். கோப்பி செழிக்காத உயரத்திற்கு மேலேதான் அது விழுந்தது. கோப்பி விளையும் பன்வில, மடுல்கலைச் சரிவுகளுக்கு அதனால் யாதொரு நிவாரணமும் இல்லை. விட்டுக்கொடுப்பதில் நஷ்டமில்லாத இடத்தைப் பார்த்து வரம்பு வகுக்கும் இந்தச் சாமர்த்தியம், பிற்கால ராஜதந்திரிகளுக்கும் கைவந்த கலையாயிற்று.

அதே 1873இல் வியன்னா நகரில் முதலாவது சர்வதேச வானிலை மாநாடு கூடியது. மூன்றே ஆண்டுகளில் அதன் அவசியம் தென்னிந்தியாவில் வெளிப்பட்டது: பருவமழை பொய்த்து, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் பஞ்சத்தில் வாடியது. இந்திய வானிலை அதிகாரி ஹென்றி பிளான்போர்ட், ஆஸ்திரேலியா முதலிய தேசங்களின் காற்றழுத்தக் கணக்குகளை வரவழைத்துப் பார்த்தார். பசிபிக் சமுத்திரம் சூடேறுவதற்கும் நம் வானம் வறள்வதற்குமுள்ள சம்பந்தம் தெளிவாக விளங்கியது அடுத்த நூற்றாண்டிலேதான். சென்னைச் சீமையின் ஜனங்களோ காரணம் விளங்கும்வரை காத்திருக்கவில்லை. ஆள்சேர்க்க வந்த கங்காணியின் முன்பணத்தை நம்பிக் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, கண்டிச் சீமைத் தோட்டங்களில் லயங்கள் எனப்படும் வரிசை அறைகளில் ஒடுங்கினார்கள். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானவர்கள் எண்ணற்றோர்.

அவர்கள் வந்துசேர்ந்த கோப்பியே அப்போது நோயுற்றிருந்தது. 1869இல் மடுல்சீமையில் தென்பட்ட இலைத்துரு, இடையில் காடே இல்லாமல் தோட்டத்தோடு தோட்டம் ஒட்டியிருந்த மலைகளில் காற்றோடு பரவியதென்பதை, ஆராய வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்டு 1880களின் தொடக்கத்தில் எடுத்துரைத்தார். கோப்பி மடிந்தது, சிங்கோனா சிலகாலம் வந்துபோயிற்று, தேயிலை நிலைத்தது. துரைமார் பயிரை மாற்றினார்கள், லயம் மாறவில்லை.

பஞ்சம் துரத்திவந்த அந்த ஜனங்களின் சந்ததியாரைச் சுதந்திர இலங்கை 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைத்தது. சரக்கைக்கூட இவ்வளவு அலட்சியமாக எவரும் ஒத்திவைக்கமாட்டார். வறட்சியாலும் வெள்ளத்தாலும் எல்லை கடக்கிறவர்களை அகதிகளென ஏற்க 1951இன் அகதிகள் சாசனத்தில் இன்றும் தனி இடமில்லை என்பதை இதனோடு சேர்த்துப் படிப்பது நலம்.

நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. மகிழத்தக்கதே. ஆனால் காடு அகன்ற சரிவுகள் கீழே அப்படியே இருக்கின்றன. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மண்சரிந்து லயங்களைப் புதைத்தது, ஐயாயிரம் அடிக் கோட்டுக்குள் அடங்காத மலைகள் யாவற்றுக்குமான சேதி. ஷார்ம் எல் ஷேக் காலநிலை மாநாட்டில் 2022இல் இணங்கப்பட்ட இழப்பு, சேத நிதியத்தில் பேசிக்கொள்கிறவை ராஜ்யங்கள். வீட்டுக்கும் காணிக்கும் தன் பெயரில் உறுதி இல்லாத தோட்டத்துக் குடும்பங்களோ இன்னும் ஏராளம். அந்நிதி ஒருகாலத்தில் கொழும்புக்கு வந்துசேருமாயின், பத்திரமில்லாத சேனைக்காரனிடம் 1840இல் கேட்ட அதே அத்தாட்சியைப் பன்வில லயத்திலிருப்பவரிடமும் கேட்பார்களா என்பதே, இனி அரசாங்கம் பதில் சொல்லவேண்டிய கேள்வி.